பூனைமூஞ்சி அம்மனின் காக்கிச் சட்டை

"ஆதாரம் வேணும்மா, ஆதாரம்! இருந்தா கொண்டு வா. இல்லேன்னா திங்கட்கிழமை காலையில அந்தப் பலகையைத் திறந்தே தீருவேன்!"

காப்பாட்சியர் சந்தானகோபாலன் மேசையை ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி சறுக்கி மூக்கு நுனியில் வந்து தொங்கியது. சுடர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

கோடியூர் அருங்காட்சியகத்தில் புதிய கூடம் ஒன்றைத் திறக்கப் போகிறார்கள். அதன் நடுவில் கறுத்து மினுங்கும் ஒரு கல் வீற்றிருந்தது. இடுப்புக்கு மேல் ஒன்றும் இல்லாத கல். ஒரு மடி, இரண்டு முழங்கால்கள், அவற்றின்மேல் அமைதியாக வைத்த இரண்டு கைகள். ஒரு கைக்குள் உயிரின் அடையாளமாக ஒரு வளையச் சின்னம். எகிப்து நாட்டுச் சிற்பி ஒருவர் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சிங்கமுகத் தேவியின் கீழ்ப்பாதி அது. எந்தக் காலத்திலோ அவளை ஏற்றி வந்த கப்பல் கோடியக்கரைப் பக்கம் உடைந்து மூழ்கிவிட்டது. பிறகு மீனவர் வலையில் மடி ஒரு நாளும், மார்போடு கூடிய தலை ஒரு நாளுமாகச் சிக்கின.

மடி இங்கே இருக்கிறது. தலை?

அதற்குப் பதிலாகத்தான் சலவைக்கல் பலகையில் காப்பாட்சியர் இப்படிப் பொறிக்கச் செய்திருந்தார்: 'தலைப்பகுதி, அருங்காட்சியக ஓட்டுநரின் பொறுப்பில் இருந்தபோது களவு போனது.'

"எங்கப்பா திருடலை சார்."

"திருடினார்னு நான் எங்கே எழுதியிருக்கேன்? பேரைக்கூடப் போடலை. ஓட்டுநர்னுதானே போட்டிருக்கேன்!"

"இந்த மியூசியத்துக்கு அப்போ இருந்தது ஒரே ஒரு ஓட்டுநர் சார்!"

காப்பாட்சியர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "திங்கட்கிழமை" என்றார் மறுபடியும்.

சுடர்க்கொடி பிறப்பதற்கு முன் நடந்த கதை அது. அவள் அப்பா தெய்வசிகாமணி அந்தக் கல்லை எடுத்துவர ஜீப்பில் போனார். பெருமழையில் பாலம் இடிந்து பாதை அடைபட்டது. காயல் வழியாகக் கொண்டுவரலாம் என்று இரண்டு வள்ளங்களில் ஏற்றினார். கனமான மடியோடு ஒரு வள்ளத்தில் அவர் ஏறிக்கொண்டார். தலையோடு இன்னொரு வள்ளத்தில் இரண்டு வலைஞர்கள். நடுக் காயலில் புயல் பிடித்துக்கொண்டது. அவர் கரை சேர்ந்தார். மற்ற வள்ளம் வரவே இல்லை.

விசாரித்தவர்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். "உன் காக்கிச் சட்டை எங்கே? ஏன் வெறும் பனியனோடு வந்தாய்?"

"தலையைச் சுற்றிக் கட்டிவிட்டேன் ஐயா. படகுப் பலகையில் உரசி அந்த முகம் கீறிவிடக் கூடாதே என்று."

"கல்லுக்காக எவனாவது கொட்டுகிற மழையில் சட்டையைக் கழற்றுவானா?" என்று அவர்கள் சிரித்தார்கள். வேலை போயிற்று. 'சிலைக்காரர்' என்ற பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. தெய்வசிகாமணி சைக்கிள் பழுதுபார்த்துப் பிழைத்தார். அன்றுமுதல் அருங்காட்சியகத் தெருவில் அவர் கால் வைத்ததில்லை. சந்தைக்குப் போவதென்றாலும் குளக்கரையைச் சுற்றித்தான் போவார். வாயால் பரவிய பழி ஒரு நாள் மறக்கும். கல்லில் பொறித்த பழி மறக்குமா?

சுடர்க்கொடி விறுவிறுவென்று வெளியே வந்தாள். வாசலில் அவளுடைய அத்தை மகன் குணசீலன் நின்றிருந்தான். பள்ளிக்கூடங்களுக்காகச் சிலைகளின் மாதிரிகளைச் சுண்ணாம்புச் சாந்தில் வார்க்கும் வேலை அவனுக்கு. அந்த அருங்காட்சியகத்தில் அவன்மீது கோபப்படாதவர் யாரும் கிடையாது. அவன் கெட்டவன் இல்லை. ரொம்பவும் நல்லவன். யாராவது தும்மினால்கூட வேலையைப் போட்டுவிட்டு வெந்நீர் தேடிப் போவான்.

"சுடர், ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். போன மாசம் நல்ல மழை பாரு, நண்டு விக்கிற அக்கா ஒருத்தி வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க. உள்ள வாங்கன்னு கூப்பிட்டேன். அந்தக் கல்லைப் பாத்ததும் கூடையை இறக்கி வச்சுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. 'எங்க பூனைமூஞ்சி ஆத்தா கல்லு மாதிரியே மினுக்குதே'ன்னாங்க."

சுடர்க்கொடி அப்படியே நின்றுவிட்டாள். "பூனை மூஞ்சியா? சிங்கம்டா அது! எந்த ஊர்க்காரங்க? பேரென்ன?"

"அலையாத்திக் காட்டுக்குள்ள ஏதோ திட்டுன்னு சொன்னாங்க."

"எந்தத் திட்டு?"

"அவங்க நடுங்கிக்கிட்டு இருந்தாங்க. டீ வாங்கிட்டு வரலாம்னு போனேன். திரும்பி வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்டாங்க."

"ஊர் பேரைக் கேக்காம டீ வாங்கப் போனியா!"

"பாவம், நடுங்கினாங்களே" என்றான் குணசீலன்.

சுடர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை முத்துப்பேட்டைப் படகுத்துறையில் வள்ளம் தயாராக நின்றது. வள்ளக்காரர் ஜபருல்லா பாய் கழியை ஊன்றிக்கொண்டு வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி வத்துறதுக்குள்ள போயிட்டு வந்திடணும்மா. வத்திட்டா சேத்துல நாம குடியிருக்க வேண்டியதுதான். உன் கூட்டாளி எங்கே?"

கூட்டாளி கொஞ்ச தூரத்தில் ஒரு பெண்ணின் சிக்கலான வலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிரிக்கப் பிரிக்க வலை இன்னும் சிக்கலாகிக்கொண்டிருந்தது. "யாரு உன்னைக் கேட்டா? நல்லா இருந்த வலையைக் கெடுத்துட்டியே, போய்யா அந்தப் பக்கம்!" என்று அந்தப் பெண் அவனை விரட்டினாள். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடிவந்து வள்ளத்தில் குதித்தான். வள்ளம் ஆடியதில் பாயின் வெற்றிலைப்பெட்டி தண்ணீரில் விழுந்தது.

"யா அல்லாஹ்! இவன் கூடவா வர்றான்?"

குணசீலன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்த மூட்டைதான் அவர்களுடைய ஒரே ஆயுதம். மடிக்கல்லின் உடைந்த மேற்பரப்பை அப்படியே படியெடுத்துச் சாந்தில் வார்த்திருந்தான். தலை கிடைத்தால் அதன் அடியில் இந்த வார்ப்பை வைத்துப் பார்க்கலாம். மேடும் பள்ளமும் பொருந்தினால் அதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. உடையாமல் இருக்கப் பழைய வேட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தான்.

வள்ளம் கோரையாற்றில் இறங்கிக் காயலை நோக்கிச் சென்றது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் நெருங்கி நின்றன. அவற்றின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆயிரம் விரல்களைப் போல மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கால்வாய்கள் பிரிந்தன. பிரிந்தவை மறுபடி பிரிந்தன. எல்லாத் திட்டுகளும் ஒன்றுபோலவே தெரிந்தன.

"எங்கேன்னு தேடுறது?" என்றாள் சுடர்க்கொடி, பல்லைக் கடித்துக்கொண்டு. "யாராவது அன்னைக்கு ஊர் பேரைக் கேட்டிருந்தா..."

குணசீலன் அதைக் காதில் வாங்கவில்லை. "பாய், நிறுத்துங்க! அங்கே ஒருத்தர்!"

ஒரு புதரடியில் சிறு வள்ளம் ஒன்று ஒதுங்கியிருந்தது. அதில் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். கெளுத்தி மீனின் முள் உள்ளங்கையில் ஆழமாகப் பாய்ந்திருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"தம்பி, தண்ணி வத்துது" என்று எச்சரித்தார் பாய்.

"பாவம் பாய், கையைப் பாருங்க!"

குணசீலன் அந்த வள்ளத்துக்குத் தாவினான். முள்ளைப் பிடுங்கினான். குடுவையில் இருந்த சூடான தேநீரை ஊற்றிக் காயத்தைக் கழுவினான். கட்ட ஒரு துணி வேண்டுமே! சுற்றும் முற்றும் பார்த்தான். சுடர்க்கொடி தடுப்பதற்குள் வார்ப்பைச் சுற்றியிருந்த வேட்டியை உருவி, நீளமாகக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டான்.

"எந்த ஊர் அண்ணே? கொண்டுபோய் விடட்டுமா?"

அந்த மனிதர் குணசீலன் கழுத்தில் தொங்கிய அருங்காட்சியக அட்டையைப் பார்த்தார். முகம் இறுகியது. "வேண்டாம். நானே போய்க்குவேன்" என்று சொல்லி, குணசீலன் திரும்பித் தாவியதும், ஒரு கையால் துடுப்பை வலித்துக்கொண்டு புதருக்குள் மறைந்துவிட்டார்.

"ஒரு நன்றிகூடச் சொல்லலை பாத்தியா?" என்று கொதித்தாள் சுடர்க்கொடி.

"வலி இருக்கும்போது நன்றி எங்கே ஞாபகம் வரும்?"

அவன் சொல்லி முடிக்கவில்லை. வள்ளம் நீருக்கடியில் இருந்த ஒரு கட்டையில் மடேரென்று மோதியது. துணி இல்லாமல் பலகைமேல் கிடந்த வார்ப்பு உருண்டது. விழுந்தது. மூன்றாக, நான்காக, பொடியாக உடைந்தது!



"போச்சு" என்றாள் சுடர்க்கொடி. "எல்லாம் போச்சு. ஏன்டா இப்படிப் பண்றே? ஊர்ல உள்ள அத்தனை பேருக்கும் கட்டுப் போடுறே. எங்கப்பாவுக்கு யாரு கட்டுப் போடுறது?"

குணசீலன் குனிந்து சுண்ணாம்புத் துண்டுகளைப் பொறுக்கினான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பாய் மட்டும் பார்த்தார்.

அதோடும் முடியவில்லை. பேச்சில் கவனம் போனதில் தண்ணீர் வற்றியதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வளைவில் வள்ளம் சேற்றில் தட்டி நின்றது. தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" பாய் கழியைச் சேற்றில் ஓங்கிக் குத்தினார். "இனிமே சாயங்காலம் தண்ணி ஏறினாத்தான்."

"நான் நடந்தே போய்த் தேடுறேன்" என்றாள் சுடர்க்கொடி.

"இறங்காதேம்மா! அது தரை இல்லை!"

எரிச்சல் காதை அடைத்திருந்தது. அவள் குதித்துவிட்டாள். முதல் அடியில் கணுக்கால், அடுத்த அடியில் முழங்கால். திரும்ப நினைத்தபோது இடுப்புவரை சேறு. காலைத் தூக்கத் தூக்கச் சேறு அவளைக் கீழே இழுத்தது.

"குணா!" என்று அலறினாள்.

குணசீலன் கழியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தான். ஆனால் நிற்கவில்லை. சேற்றின்மேல் குப்புறப் படுத்துவிட்டான்! பாய் அவன் கால்களை வள்ளத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். அவன் கழியை அவள் மார்புக்குக் குறுக்கே நீட்டினான்.

"கையைப் போடு. உதைக்காதே. மெதுவா முன்னால சாய்ஞ்சுக்கோ. அவ்வளவுதான், இதோ வந்துட்டே!"

விரல் விரலாகச் சேறு அவளை விட்டது. பக்கத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அடியை எட்டிப் பிடித்து மேலே உருண்டாள். தலைமுதல் கால்வரை கறுப்பு. பின்னாலேயே ஊர்ந்து வந்த குணசீலனும் கறுப்பு.

அந்த நிலையிலும் அவன் சட்டைப்பையைத் துழாவினான். "அடடே! இங்கே பாரு, யாரு வந்திருக்கான்னு!"

மரத்தின் மறுமுனையில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. கொழுகொழுவென்று இருந்தது. குணசீலன் பையில் எஞ்சியிருந்த கருவாட்டுத் துண்டை அதற்கு நீட்டினான்.

"நாம சாகப் பிழைக்கக் கிடக்கோம், இவன் பூனைக்கு விருந்து வைக்கிறான்" என்று தொடங்கிய சுடர்க்கொடி சட்டென்று நிறுத்தினாள்.

பூனையின் நெற்றியில் குங்குமம் இருந்தது!

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாய், இந்தக் காட்டுல வீடு இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் இல்லையேம்மா."

"அப்போ இதுக்கு யாரு சோறு போட்டா? யாரு பொட்டு வச்சா? பூனைமூஞ்சி ஆத்தா கோயில்ல பூனைக்குப் பொட்டு வைக்காம வேற யாருக்கு வைப்பாங்க? குணா, பூனை சேத்துல நடக்காது. அதோட காலைப் பாரு, காய்ஞ்சிருக்கு. அது போற வழியெல்லாம் கெட்டித் தரை!"

பூனை கருவாட்டைத் தின்று முடித்து, மீசையை நக்கிக்கொண்டு, வேர்களுக்கு நடுவில் நிதானமாக நடந்தது. அவர்கள் அதன் தடம் விட்டு ஒரு சாண் விலகாமல் பின்தொடர்ந்தார்கள். வள்ளத்தைக் கட்டிவிட்டு, அவர்களைப் போலவே ஊர்ந்து மரத்தைப் பிடித்த பாயும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இத்தனை வயசுக்கு மேல ஒரு பூனை எனக்கு வழி காட்டுது."

மரங்கள் விலகின. உயரமான மணல் திட்டு தெரிந்தது. சில குடிசைகள், காயும் வலைகள், எங்கு பார்த்தாலும் பூனைகள். நடுவில் கீற்றுப் பந்தல் போட்ட ஒரு சிறு கோயில். அவர்களைக் கண்டதும் ஆண்கள் துடுப்புகளோடு ஓடிவந்து மறித்தார்கள்.

"நில்லு! யாரு நீங்க? போலீஸா?"

"நாங்க மியூசியத்துல இருந்து..." என்று குணசீலன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"ஆத்தாவைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கானுங்கடா!" துடுப்புகள் உயர்ந்தன.

"விடுங்கப்பா அவங்களை!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். கையில் வேட்டிக் கட்டு. "என் கையைக் கட்டினது இந்தத் தம்பிதான்." அவருக்குப் பின்னாலேயே நண்டுக்கூடையோடு ஒரு பெண் வந்தாள். குணசீலனைக் கண்டதும் அவள் கண் விரிந்தது.

"அட, மழையில உள்ள கூப்பிட்ட தம்பி! ஊர் பேரைச் சொல்ல வாயெடுக்கிறேன், நீ பாட்டுக்கு எங்கேயோ ஓடிட்டியே!"

"டீ வாங்கப் போனேன்க்கா."

"டீயா? நான் காப்பிதான் குடிப்பேன்" என்றாள் அவள்.

அவள் பெயர் செல்லப்பாப்பு. அம்மனுக்குப் பூசை செய்கிறவளும் அவளே. துடுப்புகள் தாழ்ந்தன. ஆனாலும் அவள் கோயில் வாசலில் கையைக் குறுக்கே நீட்டினாள். "ஆத்தாவைப் பாக்கணும்னா குளிச்சிட்டு ஈரத் துணியோட வாங்க. சேத்தோட உள்ள வரக் கூடாது."

கிணற்று நீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பாய் பந்தலுக்கு வெளியே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மரியாதையாக நின்றார்.

விளக்கொளியில் அவள் இருந்தாள். எண்ணெயில் குளித்துக் குளித்துக் கறுத்து மின்னும் சிங்கமுகம். அகன்ற மூக்கு, வட்டக் காதுகள். வெள்ளியில் செய்த கண்மலர்கள். பல காலம் கடலடியில் கிடந்தும் அந்த முகத்தில் ஒரு கீறல் இல்லை. சிவப்புச் சேலைக்குமேல், தோள்களைச் சுற்றி, அவள் போர்த்தியிருந்தது...

சுடர்க்கொடி தூணைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஆத்தாவுக்கு ஏன் காக்கிச் சட்டை?"

"அதுவா? ஆத்தா வந்தப்பவே அப்படித்தான் வந்தா. பெரும் புயல்ல எங்க ஊர் ஆளுங்க ரெண்டு பேரு ஓட்டின வள்ளம் இந்தத் திட்டுல வந்து மோதிச்சாம். வள்ளம் ரெண்டாப் பொளந்துபோச்சு. ஆத்தா மட்டும் அசையாம மணல்ல உக்காந்திருந்தா, காக்கிச் சட்டையை உடுத்திக்கிட்டு. நம்மளைக் காப்பாத்தின தெய்வம்னு அவங்க இங்கேயே வச்சுக் கும்பிட்டாங்க. வெளியில சொன்னா யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். ரெண்டு பேரும் இப்போ இல்லை. ஆத்தாவுக்குப் பிடிச்ச துணி அதுதான்னு வருசா வருசம் புதுக் காக்கிச் சட்டை தைச்சுச் சாத்துறோம். அந்த மொதச் சட்டையில இருந்த பதக்கத்தையும் பாரு, ஆத்தா கழுத்துல."

மஞ்சள் கயிற்றில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்ததில் அது தங்கம்போல் மின்னியது. தேய்ந்த எழுத்துகள். சுடர்க்கொடி விளக்கைச் சற்றே தூக்கிப் பிடித்துப் படித்தாள்.

'கோடியூர் அருங்காட்சியகம். ஓட்டுநர்.'

அவள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடங்களாக ஊரே சிரித்த அந்தப் பதில் உண்மை. கொட்டுகிற மழையில் ஒரு மனிதர் சட்டையைக் கழற்றியிருக்கிறார், ஒரு முகம் கீறக் கூடாது என்று. அந்தச் சட்டைக்கு ஒரு ஊர் வருடந்தோறும் பூசை செய்துகொண்டிருக்கிறது!

விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்கு ஆத்தா வேண்டாம்க்கா. அவ உங்க ஆத்தா. அந்த வில்லையை மட்டும் கொடுத்தா போதும். அப்பா பேரைக் காப்பாத்திடுவேன்."

செல்லப்பாப்பு தலையை அசைத்தாள். "சாமிக்குச் சாத்தினதைக் கழட்டிக் கொடுக்கக் கூடாதும்மா."

சுடர்க்கொடிக்கு மறுபடி எரிச்சல் பொங்கியது. இவ்வளவு தூரம் வந்தும் வெறுங்கையா? ஆனால் செல்லப்பாப்பு இன்னும் முடிக்கவில்லை.

"கொடுக்கக் கூடாது. ஆனா ஆத்தாவை எங்ககிட்ட அனுப்பி வச்ச மனுசன் உசுரோட இருக்காரா? கூட்டிட்டு வா. அவருக்கு நாங்க செய்யவேண்டிய மரியாதை ஒண்ணு பாக்கி இருக்கு. யாரு உங்களை நம்பலையோ அவரையும் கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏறு தண்ணீரில், இரண்டு வள்ளங்கள் அந்தத் திட்டுக்கு வந்தன. ஒன்றில் காப்பாட்சியர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். "பூனைக்குப் பொட்டாம்! அது வழி காட்டிச்சாம்! இதையெல்லாம் நம்பி ஞாயித்துக்கிழமையும் அதுவுமா..." மற்றொன்றில் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். மகள் சொன்னதை அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை. நம்புவதற்குப் பயமாக இருந்தது அவருக்கு.

திட்டே கரையில் திரண்டிருந்தது. சங்கு ஊதினார்கள். கையில் கட்டுப் போட்டிருந்தவர் முன்னால் வந்து, அம்மனுக்குச் சாத்திய பட்டுத் துணியைத் தெய்வசிகாமணியின் தலையைச் சுற்றிக் கட்டினார். கோயிலின் முதல் மரியாதையான பரிவட்டம் அது. செல்லப்பாப்பு மடித்த புதுக் காக்கிச் சட்டையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள்.

"அய்யா, உங்க சட்டை."

'சிலைக்காரர்' என்ற பேச்சைக் கேட்டே தலை குனிந்துபோயிருந்த மனிதர் பரிவட்டத்தோடு நிமிர்ந்தார். சட்டையைக் கையில் வாங்கினார். குழந்தையைப் போல அழுதார்.

காப்பாட்சியர் குனிந்து வில்லையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் மெல்லச் சொன்னார். "அந்தப் பலகையைத் திறக்க மாட்டேன்."

"அய்யா" என்றாள் செல்லப்பாப்பு, தெய்வசிகாமணியிடம். "ஆத்தா இங்கே இருக்கணுமா, அங்கே போகணுமா? நீங்க சொல்லுங்க. உங்க சொல்லுக்குக் கட்டுப்படுறோம்."

"நான் யாரும்மா சொல்றதுக்கு?" என்றார் அவர். "என்கிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க. கொண்டு போய்ச் சேர்த்துடுன்னு. அது இன்னும் முடியலை, அவ்வளவுதான். நீங்க பிரியப்பட்டாச் செய்றேன். இல்லேன்னா இப்படியே சந்தோஷமா வீட்டுக்குப் போறேன். அவளையே கேளுங்க."

கூட்டத்தில் சிலர் மறுத்தார்கள். சில பெண்கள் அழுதார்கள். செல்லப்பாப்பு சொன்னாள்: "அந்த மடியை நான் கண்ணால பாத்தேன். கையை மேல வச்சுக்கிட்டு, காலியா உக்காந்திருக்கு. மொகம் இங்கே, மடி அங்கே. பெத்தவளுக்கு மடி இல்லேன்னா பிள்ளையை எங்கே வச்சுக்குவா?"

பூக்கட்டிப் பார்த்தார்கள். செவ்வரளி வந்தால் அம்மன் இங்கேயே இருப்பாள். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் புறப்படுவாள். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளைப் பூ!

குலவைச் சத்தம் காயலைத் தாண்டிக் கேட்டது.

திங்கட்கிழமை காலை அருங்காட்சியக வாசலில் விழாவுக்கு வந்தவர்கள் திகைத்து நின்றார்கள். தெருவில் மேளம் வந்தது. மீனவப் பெண்கள் வந்தார்கள். கட்டை வண்டியில், வைக்கோல் மெத்தையில், காக்கிச் சட்டை போர்த்திய சிங்கமுகத் தேவி வந்தாள். வண்டிக்கு முன்னால், தலையில் பரிவட்டமும் உடம்பில் புதுக் காக்கிச் சட்டையுமாக, அந்தத் தெருவையே மறந்திருந்த ஓட்டுநர் தெய்வசிகாமணி நடந்து வந்தார்.

படியருகே வந்ததும் நின்றார். உள்ளே காப்பாட்சியர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, சொன்ன பொருளைக் கொண்டு வந்துட்டேன். கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

காப்பாட்சியரின் கண்ணாடி மறுபடி மூக்கு நுனிக்கு வந்தது. அதைத் தள்ளிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. படியிறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளே வாங்க, ஐயா."

பலரும் சேர்ந்து கல்லைத் தூக்கினார்கள். மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு. தலை மடியின்மேல் அமர்ந்தபோது ஒரு நூல் புகும் இடம் இல்லை. எகிப்தில் பிறந்து, கடலில் உடைந்து, காட்டில் பூனைமூஞ்சி ஆத்தாவாக இருந்தவள் முழுதாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். செல்லப்பாப்பு மஞ்சள் கிண்ணத்தோடு முன்னால் வந்தாள்.

"கல்லுல மஞ்சள் படக் கூடாது! எண்ணெய் படக் கூடாது! அது பழைய சிற்பம்மா!" என்று காப்பாட்சியர் அலறினார்.

"வருசத்துக்கு ஒரு நாள் சட்டை மட்டும் சாத்துறோம்" என்றாள் அவள். "அப்புறம் ஒரு பூனை வாசல்ல இருக்கும். அதை விரட்டக் கூடாது."

காப்பாட்சியர் பெருமூச்சு விட்டார். "சட்டை சரி. பூனை..." என்று இழுத்தார். வண்டியில் கூடவே வந்திருந்த பூனை அதற்குள் அவருடைய நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தது.

புதிய பலகை பிறகு வந்தது. அதில் தெய்வசிகாமணியின் பெயர் இருக்கிறது, அவர் கழற்றிய சட்டையைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. ஆண்டவன் கண்ணுக்குச் சிறிய நன்மை என்று ஒன்று கிடையாது போலும். ஒரு சட்டை, ஒரு வேட்டிக் கிழிசல், ஒரு துண்டுக் கருவாடு. கொடுத்தவர்கள் மறந்துவிட்டாலும் அவன் மறக்கவில்லை.

விழா முடிந்து எல்லாரும் கிளம்பியபோது குணசீலனைக் காணோம். சுடர்க்கொடி எரிச்சலோடு தெருமுனைவரை போய்ப் பார்த்தாள். அங்கே யாரோ ஒரு கிழவருடைய சைக்கிள் சங்கிலியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். சங்கிலி இன்னும் இரண்டு இடத்தில் கழன்றிருந்தது. கிழவர் திட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளு அத்தான்" என்றாள் சுடர்க்கொடி. அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. "சைக்கிள்காரர் மக நான். இப்படிக் கொடு."

சேலையைச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.